பின்செட்டர் கன்ட்ரோல் போர்டில் பாகங்கள் கருகினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பௌலிங் என்றால் நம்மவர்களுக்குக் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். இங்கே பேசப்போவது பத்து பின்களை நிறுத்திக் கனமான பந்தை உருட்டி வீழ்த்தும் ஆட்டத்தைப் பற்றி. அதிலும், பந்து உருளும் பாதையான லேனின் பின்பக்க இருட்டில், ஆடுபவர் கண்ணில் படாமல் நின்று பின்களை அடுக்கும் பின்செட்டர் என்ற இயந்திரத்தைப் பற்றி. அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஏதாவது கருகிவிட்டால் மெக்கானிக்குகள் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். உலகெங்கும் பரவலாக ஓடும், ஏஎம்எஃப் நிறுவனத்தின் 82-70 வகையை மனதில் வைத்தே பெரும்பாலும் எழுதுகிறேன். மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும் கையாளத் தெரிந்தவர்களுக்கான பதில்கள் இவை. தெரியாதவர்கள் படிக்கலாம், பெட்டியைத் திறக்க வேண்டாம்.

புகை வந்துவிட்டது. முதலில் எதைச் செய்வது?

ரீசெட் பட்டனைத் தொடாமல் இருப்பதுதான் முதல் வேலை. ஒரு முறை போட்டுப் பார்ப்போமே என்ற ஆசையில் மறுபடி கரண்ட் கொடுத்தால், ஒரு ரெசிஸ்டரோடு போயிருக்க வேண்டிய சேதம் போர்டு முழுவதும் பரவிவிடும்.

அந்த இயந்திரத்தின் மெயின் சுவிட்சான ஐசொலேட்டரை அணைத்துப் பூட்டுங்கள். சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும். நீங்கள் உள்ளே கைவிட்டிருக்கும்போது முன்மேசையில் இருப்பவர் நல்லெண்ணத்தோடு லேனைத் திரும்ப இயக்கிவிடுவது நடக்கக்கூடியதே. அடுத்து லேனை மறியுங்கள். பந்தின் எடை 7.26 கிலோ வரை இருக்கும். தடுப்பு இல்லாத லேனில் யாரோ ஒரு சிறுவன் விளையாட்டாக உருட்டிவிட்டால் அது உங்கள் கணுக்காலில்தான் வந்து நிற்கும். ஒரு ஜோடி லேன்களுக்குப் பந்தைத் திருப்பி அனுப்பும் அமைப்பு பொதுவானது என்பதால், இந்த இயந்திரம் அணைந்திருந்தாலும் அந்தப் பகுதி ஓடிக்கொண்டிருக்கலாம். மேலே தூக்கிய நிலையில் நிற்கும் ஸ்வீப்பும் (விழுந்த பின்களைத் துடைத்துத் தள்ளும் கை) டேபிளும் (பின்களைப் பிடித்துத் தூக்கி வைக்கும் பகுதி) கரண்ட் இல்லாமலே இறங்கக்கூடியவை. அவற்றுக்கு முட்டுக் கொடுத்த பிறகே அடியில் கை வையுங்கள்.

பிறகு பெட்டியைக் கழற்றும் முன் மோந்து பாருங்கள், படம் எடுங்கள். எந்த ஃபியூஸ் போயிருக்கிறது, அதன் கண்ணாடி தெளிவாக இருக்கிறதா, உள்ளே கறுப்பாக வெள்ளி பூசியதுபோல் இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். கம்பி அறுந்தும் கண்ணாடி தெளிவாக இருந்தால் அதிகச் சுமை மெல்ல மெல்ல உருக்கியிருக்கிறது. கண்ணாடி கறுத்திருந்தால் நேரடி ஷார்ட். இந்தத் தடயம் குப்பைக்கூடைக்குப் போய்விட்டால் திரும்பக் கிடைக்காது.

இந்தப் பெட்டி அப்படி என்னதான் செய்கிறது? ஏன் இவ்வளவு சீக்கிரம் எரிகிறது?

1946-இல் ஃபிரெட் ஷ்மிட் வடிவமைத்த இயந்திரத்தை ஏஎம்எஃப் நிறுவனம் அமெரிக்காவின் பஃபலோ நகரில் காட்சிக்கு வைத்த காலம் வரை, பின்களை அடுக்கியவர்கள் லேனின் கடைசியில் உட்கார்ந்திருந்த பையன்கள். அவர்கள் வேலையை 82-70-இல் மூன்று மோட்டார்கள் செய்கின்றன. ஒன்று பின்பகுதிக்கு: பின்களையும் பந்தையும் பின்னால் கொண்டுவந்து பின்களை மேலே ஏற்றும். இன்னொன்று ஸ்வீப்புக்கு, மூன்றாவது டேபிளுக்கு. பந்து வந்து மோதியதும் ஸ்வீப் இறங்கிக் காவல் நிற்கும். டேபிள் கீழே வந்து நிற்கும் பின்களைப் பிடித்துத் தூக்கும். ஸ்வீப் விழுந்தவற்றைத் துடைக்கும். டேபிள் பிடித்தவற்றைத் திரும்ப வைக்கும். எது எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை கேம் சக்கரங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் மைக்ரோசுவிட்சுகள் சொல்ல, பெட்டி அதைக் கேட்டு மோட்டார்களை ஓட்டி நிறுத்துகிறது.

ஒருவர் ஆடும் ஒரே ஆட்டத்தில் அதிகபட்சம் 21 உருட்டல்கள். ஒவ்வொரு உருட்டலிலும் ஸ்வீப் மோட்டார் ஒரு முறைக்கு மேல் கிளம்பி நிற்கிறது. மோட்டார் கிளம்பும் கணத்தில் இழுக்கும் கரண்ட், ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு. தண்ணீர் பம்ப் ஒரு நாளில் இரண்டு முறை கிளம்பும். இது ஒரு மாலைக்குள் நூற்றுக்கணக்கான முறை கிளம்புகிறது. போதாததற்கு, லேனில் பூசும் எண்ணெயும் பின்களின் மேற்பூச்சு உதிர்ந்த தூளும் சேர்ந்த பிசுக்கு எல்லாவற்றின் மீதும் போர்வைபோல் படிந்து வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. இவ்வளவுக்கும் நடுவே ஆண்டுக்கணக்கில் உழைக்கும் போர்டைப் பார்த்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது.

இன்னொரு நிறுவனமான பிரன்ஸ்விக்கின் இயந்திரத்துக்கும் இதெல்லாம் பொருந்துமா?

ஏ-2 வகையில் பெரும்பாலான முடிவுகளை இரும்பே எடுக்கிறது. கியர்பெட்டியும் நெம்புகோல்களும்தான் அதன் மூளை. மின்பகுதி சிறியது, எரிவதற்கும் கொஞ்சம்தான் இருக்கிறது. ஜிஎஸ் வரிசை அப்படியல்ல. தனித்தனி மோட்டார்கள், சென்சார்கள், நுண்செயலி எல்லாம் உண்டு. அங்கே பாகங்களின் பெயர்கள் மாறும், தேடும் முறை மாறாது.

எரிந்த பாகத்தை எப்படி அடையாளம் காண்பது? எல்லாமே கறுப்பாகத்தான் இருக்கிறது.

முதலில் பிசுக்கைத் துடையுங்கள். ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும். கறுப்பாகத் தெரிந்ததில் பாதி அழுக்காக இருக்கும். எஞ்சிய கறுப்பு போர்டின் பச்சையோ பழுப்போ வெந்து கறுத்தது. அதன் நடுவில் இருப்பதுதான் சூடானது.

மூக்கும் உதவும். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் கசிந்தால் மீன் கவிச்சி போன்ற வாடை. ரெசிஸ்டர் கருகினால் தீய்ந்த வார்னிஷ் வாடை. மிகப் பழைய சேசிஸில், அதாவது கட்டுப்பாட்டுப் பெட்டியில், மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் தகடு தகடாக அடுக்கிய செலினியம் ரெக்டிஃபையர் இருந்து, அழுகிய பூண்டு போல் நாறினால் மூக்கைத் தூரமாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் புகை நச்சு. காற்றோட்டம் வந்த பிறகே தொடர வேண்டும்.

கண்ணுக்குத் தெரியும் காயம் இல்லாமலும் பாகம் செத்திருக்கலாம். மோட்டாருக்குப் போகும் கரண்டைத் திறந்து மூடும் மின்னணுச் சுவிட்சான டிரயாக் பெரும்பாலும் மேனி கலையாமல் ஷார்ட் ஆகும். அதற்குப் பக்கத்தில் இருக்கும் அப்பாவி ரெசிஸ்டர்தான் கருகிக் காட்டிக்கொடுக்கும். எரிந்து கிடப்பதைப் பார்த்தவுடன் “இதுதான் கோளாறு” என்று முடிவு கட்டாதீர்கள். எரிந்த பாகம் பெரும்பாலும் செத்தவன், கொன்றவன் வேறெங்கோ நிற்கிறான்.

ரெசிஸ்டரின் வண்ணக் கோடுகள் கருகிவிட்டன. மதிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்களுக்குப் பக்கத்திலேயே விடை ஓடிக்கொண்டிருக்கிறது. அரங்கில் பன்னிரண்டு லேன்கள் இருந்தால் ஒரே போர்டு பன்னிரண்டு முறை இருக்கிறது. பக்கத்து லேனை மூடி, அதன் போர்டில் அதே இடத்தைப் பாருங்கள். கையில் சர்க்யூட் வரைபடம் இருந்தாலும் நான் பக்கத்து லேனைத்தான் அதிகம் நம்புவேன். வரைபடம் அச்சான பிறகு உற்பத்தியாளரே மாற்றிய மதிப்புகள் போர்டில் இருக்கும்.

எல்லாப் போர்டிலும் அதே ரெசிஸ்டர் பழுத்திருந்தால் வேறு வழி. கருகியதைக் கழற்றி மேற்பூச்சைச் சுரண்டினால் எங்கே அறுந்திருக்கிறது என்று தெரியும். இரண்டு முனைகளிலிருந்தும் அறுந்த இடம் வரை அளந்து கூட்டினால் கிட்டத்தட்ட மதிப்பு வரும். அதற்கு அருகிலுள்ள நிலையான மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். வண்ணங்களை நம்பும்போது எச்சரிக்கை தேவை: சூட்டில் சிவப்பு பழுப்பாகவும், ஆரஞ்சு சிவப்பாகவும் தோன்றும். 330 ஓமை 220 ஓம் என்று படித்து ஏமாந்தவன் நான்.

வாட் கணக்கையும் பாருங்கள். 100 ஓமில் 0.1 ஆம்பியர் ஓடினால் 1 வாட் வெப்பம். அங்கே 1 வாட் ரெசிஸ்டரே இருந்தால் அது நாளெல்லாம் அடுப்பில் இருக்கிறது என்று பொருள். 3 வாட், தீப்பிடிக்காத வகை போட்டு, போர்டைத் தொடாமல் கால்களை அரை விரல் உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். ஒரே ஒரு விதிவிலக்கு: ஃபியூஸாகச் செயல்படவே வைத்த ரெசிஸ்டரைப் பெரிதாக்கக் கூடாது. அது எரிவதற்கென்றே அங்கே இருக்கிறது.

டிரயாக் மாற்றினேன். இயந்திரம் இரண்டு சுற்று ஓடியது, மறுபடியும் போய்விட்டது. ஏன்?

என்னிடம் வரும் கேள்விகளில் பாதி இதுதான்.

போர்டுக்குள் பார்க்க வேண்டியதை முதலில் முடித்துவிடுவோம். டிரயாக் ஷார்ட் ஆகும்போது மெயின் மின்னழுத்தம் அதன் கேட் (அதை இயக்கும் முனை) வழியாகப் பின்னோக்கிப் பாயும். ஆகவே, ஒளி வழியாகச் சைகை கடத்தி அதை இயக்கும் ஆப்டோகப்ளரும் கேட் ரெசிஸ்டரும் அரைகுறை உயிரோடு இருக்கும். மூன்றையும் ஒரு குடும்பமாக நினைத்துச் சேர்த்து மாற்றுங்கள். ஆப்டோகப்ளரில் எம்ஓசி3021, எம்ஓசி3041 இரண்டும் உருவத்தில் ஒன்றுபோல் இருக்கும். பின்னது மின்னழுத்தம் பூச்சியத்தைக் கடக்கும்போதுதான் திறக்கும், முன்னதற்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. இருந்த எண்ணையே போடுங்கள்.

அடுத்தது பலரும் வழுக்கும் இடம். பிடிஏ என்று தொடங்கும் டிரயாக்கின் உலோக முதுகு உள்ளிருக்கும் மின்சாரத்திலிருந்து காப்பிடப்பட்டது. பிடிபி என்று தொடங்குவதன் முதுகில் மின்சாரம் இருக்கும். பிடிஏ இருந்த இடத்தில் கடையில் கிடைத்த பிடிபியை மைக்கா தகடு வைக்காமல் திருகினால், வெப்பத் தகடும் சேசிஸும் உயிருள்ள கம்பியாகிவிடும். எர்த் சரியாக இருந்தால் ஃபியூஸ் போகும். எர்த் இல்லையென்றால் தொட்டவருக்கு விழும். 230 வோல்ட் மோட்டாருக்கு 800 வோல்ட் தாங்கும் வகையே நல்லது. 600 வோல்ட் ஓடும், ஆனால் மோட்டார் அணையும் கணத்தில் எழும் துள்ளலுக்கு இடம் கம்மி.

இவ்வளவும் சரியாக இருந்தும் எரிகிறது என்றால் போர்டை விட்டு வெளியே வாருங்கள். மோட்டார் சுருள், அதன் கெப்பாசிட்டர், பிரேக் இருந்தால் அதன் சுருள், அங்கே போகும் கேபிள், கடைசியாக இயந்திரமே இறுக்கமாகச் சிக்கிக்கிடக்கிறதா என்ற கேள்வி. சுருளின் ஓம் மதிப்பைப் பக்கத்து லேன் மோட்டாரோடு ஒப்பிடுங்கள். கால்பங்கு குறைந்திருந்தால் சுருளுக்குள் ஷார்ட். காப்பு நிலையை 500 வோல்ட் மெக்கரால் பாருங்கள். ஆனால் மோட்டாரைப் போர்டிலிருந்து முழுவதுமாகக் கழற்றிய பிறகுதான். மெக்கரைப் போர்டோடு இணைந்த கம்பியில் வைத்து, எரியாமல் மிச்சமிருந்த பாகங்களையும் தாங்களே கொன்றவர்கள் உண்டு.

ஓர் அரங்கில் ஒரே வாரத்தில் ஸ்வீப் டிரயாக் மூன்று முறை போனது. “அண்ணே, மோட்டார் நல்லா இருக்கிறது, கேபிள் நல்லா இருக்கிறது, எல்லாம் அளந்துவிட்டேன்” என்றார் அங்கிருந்த இளம் மெக்கானிக். அவர் பொய் சொல்லவில்லை, மீட்டரில் எல்லாம் சரியாகவே காட்டியது. கரண்டை அணைத்துப் பூட்டி, போர்டுப் பக்கப் பிளக்கைக் கழற்றி, மோட்டார் கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டரை மாட்டி அவர் கையில் கொடுத்தேன். நான் ஸ்வீப் மோட்டாரின் புல்லியைக் கையால் மெல்லச் சுற்றினேன். முதல் கால் சுற்றில் ஒன்றும் இல்லை. ஸ்வீப் பாதி இறங்கியதும் “அண்ணே, நில்லுங்கள்” என்றார். இன்னும் ஒரு விரல் அகலம் நகர்த்தினேன், எண் மறைந்தது. திரும்பப் பின்னால் நகர்த்தினேன், வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், ஸ்வீப் கையோடு சேர்ந்து நகரும் கேபிளின் கட்டு அறுந்து, அந்த ஒரு கோணத்தில் மட்டும் கேபிள் ஓர் இரும்புக் கோணத்தின் விளிம்பில் உரசிக்கொண்டிருந்தது. காப்புறையில் அரிசி அளவு பிளவு, உள்ளே செப்பு மினுங்கியது. நிற்கும் இயந்திரத்தில் எத்தனை முறை அளந்தாலும் அது தெரிந்திருக்காது. பதினைந்து ரூபாய்க்கு ஒரு கேபிள் கட்டும் ஒரு துண்டு ரப்பர் உறையும் அந்தக் கோளாறை முடித்தன.

மோட்டார் சுற்றவில்லை, உறுமிக்கொண்டே சூடாகிறது. டிரயாக் ஷார்ட் இல்லையே?

டிரயாக் பாதி செத்திருக்கலாம். ஒரு திசையில் மட்டும் கடத்தினால் மோட்டாருக்கு அரை அலையே போகும். அதில் நேர்மின்சாரத்தின் பங்கு கலந்திருப்பதால் சுருள் கொதிக்கும். மீட்டரைச் சுமையின் குறுக்கே நேர்மின்னழுத்த அளவில் வைத்துப் பாருங்கள். பூச்சியத்துக்கு அருகில் இருக்க வேண்டியது பல பத்து வோல்ட் காட்டினால் சந்தேகமே வேண்டாம். அங்கே ஏதும் காட்டவில்லை என்றால் ஸ்டார்ட்டிங் கெப்பாசிட்டரைப் பாருங்கள்.

ரிலே முனைகள் கருகியிருக்கின்றன. உப்புத்தாளால் தேய்த்தால் சரியாகிவிடுகிறது. அப்படியே விடலாமா?

இன்று சரியாகும். உப்புத்தாளின் மணல் துகள் வெள்ளி முனைக்குள் பதிந்துவிடும். பிறகு முனை முழுவதும் தொடாமல் புள்ளியாகத் தொடும், மேலும் சூடாகும். அடுத்த முறை இரண்டு முனையும் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு, டேபிள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போகும். ரிலேயை மாற்றுவதே மலிவு. மாற்றும்போது அது உட்காரும் சாக்கெட்டின் நாக்குகளையும் பாருங்கள். ரிலே எரியக் காரணம் பாதி நேரம் தளர்ந்துபோன சாக்கெட்.

முனைகளின் குறுக்கே ஒரு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் வரிசையாக இருக்கும். வழக்கமாக 100 ஓம், 0.1 மைக்ரோஃபாரட். தீப்பொறியை விழுங்குவது அந்த ஜோடிதான். அதன் கெப்பாசிட்டர் செயலிழந்துவிட்டால் புது ரிலேயும் சில வாரங்களில் கருகும். போடுவது 275 வோல்ட் மாறுமின்னழுத்தத்துக்கான எக்ஸ்2 வகையாக இருக்கட்டும். 400 வோல்ட் நேர்மின்னழுத்தத்துக்கான சாதாரண கெப்பாசிட்டர் எண்ணில் பெரியதாகத் தெரிந்தாலும் மெயின் லைனில் நிற்காது.

சாலினாய்டை (கரண்ட் கொடுத்தால் இழுக்கும் காந்தச் சுருளை) இயக்கும் டிரான்சிஸ்டர் அடிக்கடி போகிறது.

சுருளின் குறுக்கே திருப்பிப் போட்டிருக்கும் டயோடைப் பாருங்கள். சுருளை அணைக்கும் கணத்தில் அது திருப்பி உதைக்கும் மின்னழுத்தத்தை அந்த டயோடுதான் வாங்கிக்கொள்கிறது. டயோடு திறந்துவிட்டால் உதை டிரான்சிஸ்டருக்குப் போகும். பெரும்பாலும் 1என்4007 போதும். கோடு இருக்கும் முனை நேர்மின் பக்கம் வர வேண்டும். மாற்றிப் போட்டால் கரண்ட் கொடுத்ததும் டயோடும் டிரான்சிஸ்டரும் சேர்ந்து போகும்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது. ஒரு சைஸ் பெரியதாகப் போடலாமா?

கூடாது. போர்டில் எழுதியிருக்கும் ஆம்பியர்தான், மெதுவாக உருகும் வகை என்றிருந்தால் அதே வகைதான். வேகமாக உருகும் வகையைத் தவறாகப் போட்டுவிட்டு, மோட்டார் கிளம்பும்போதெல்லாம் போகிறதே என்று ஆம்பியரைக் கூட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றி வைத்திருந்த ஒரு ஃபியூஸை நினைவுக்காக இன்னும் வைத்திருக்கிறேன்.

பாகம் இருந்த இடத்தில் போர்டே கரியாகிவிட்டது. புதுப் பாகத்தை அதன்மேலேயே சால்டர் செய்யலாமா?

கரி மின்சாரத்தைக் கடத்தும். வெந்த போர்டின் மேல் புதுப் பாகத்தை வைத்தால், இரண்டு தடங்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு ரெசிஸ்டரையும் சேர்த்து வைக்கிறீர்கள். அது மெல்லச் சூடாகி மேலும் கரியாகும், ஒரு நாள் தீயாகும். கறுத்த பகுதி முழுவதையும் கத்தியாலோ சிறு டிரில்லாலோ நல்ல நார் தெரியும் வரை சுரண்டி எடுங்கள். துளை விழுந்தாலும் பரவாயில்லை. துடைத்த பின் இரண்டு பக்கத் தடங்களுக்கு நடுவே மெகா ஓம் அளவில் பாருங்கள். எதுவும் காட்டக் கூடாது. பிறகு எபாக்சியால் நிரப்பி, போன தடத்துக்குப் பதிலாகக் காப்புறையுள்ள கம்பியை ஓட்டுங்கள். அழகாக இருக்காது, ஆனால் ஓடும்.

கரி மெயின் மின்சாரப் பகுதியிலிருந்து குறைந்த மின்னழுத்தப் பகுதி வரை பரவியிருந்தால் நான் போர்டைக் காப்பாற்ற முயல மாட்டேன். அந்த எல்லைக்கு இருபுறமும் இருக்கும் இடைவெளிதான், பட்டனை அழுத்தும் மனிதருக்கும் 230 வோல்ட்டுக்கும் நடுவே நிற்கும் சுவர்.

பிளக் முனைகள் பழுத்து பிளாஸ்டிக் உருகியிருக்கிறது.

தளர்ந்த தொடர்பு. 0.1 ஓம் என்பது மீட்டரில் கண்ணுக்கே தெரியாத தடை. அதில் 10 ஆம்பியர் ஓடினால் 10 வாட், ஒரு சிறு சால்டரிங் அயர்ன் அளவு வெப்பம். ஆண் முனை, பெண் முனை இரண்டையும் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதைக் கெடுக்கும். கிரிம்ப் செய்ய அதற்குரிய கருவி வேண்டும், குறடால் நசுக்குவது கணக்கில் வராது.

அமெரிக்காவிலிருந்து பழைய இயந்திரங்களை வாங்கி வந்தோம். இங்கே அடிக்கடி எரிகின்றன. அங்கே இருபது வருடம் ஓடியவையாயிற்றே?

அங்கே 60 ஹெர்ட்ஸ், இந்தியாவில் 50. வோல்ட்டேஜை மட்டும் பார்த்து ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துவிட்டுப் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அது ஹெர்ட்ஸை மாற்றுவதில்லை.

60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரோ மோட்டாரோ 50-இல் ஓடும்போது, அதே மின்னழுத்தத்தில் இரும்பு உள்ளகத்தில் காந்தப் பாயம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். உள்ளகம் தெவிட்டிவிடும், சுமை இல்லாதபோது இழுக்கும் கரண்ட் எகிறும், சும்மா நிற்கும்போதே கொதிக்கும். ஈடுசெய்ய மின்னழுத்தத்தை அதே விகிதத்தில் குறைக்க வேண்டும்: 120 வோல்ட்டுக்கான சுருளுக்கு 100 வோல்ட், 230-க்கானதற்கு ஏறக்குறைய 192. பெயர்ப் பலகையில் 50/60 என்று இருந்தால் இந்தக் கவலை இல்லை. ஆகவே பெட்டியைத் திறக்கும் முன் ஒவ்வொரு மோட்டாரின் பலகையையும் துடைத்துப் படியுங்கள். வேகமும் குறையும்: நிமிடத்துக்கு 1800 சுற்று என்ற ஒத்திசை வேகம் 1500 ஆகும். மோட்டார்களை மாற்றுவது அல்லது ஹெர்ட்ஸையே மாற்றித்தரும் கருவியை வைப்பது, இரண்டில் ஒன்றுதான் நிரந்தரத் தீர்வு.

இன்னொன்று. 120 வோல்ட் போர்டின் நுழைவாயிலில், எகிறும் மின்னழுத்தத்தை விழுங்கும் 130 அல்லது 150 வோல்ட் வேரிஸ்டர் இருக்கும், நீல நிறக் காசு மாதிரி. யாராவது தவறி நேராக 230-ஐக் கொடுத்தால் முதலில் வெடிப்பது அதுதான். அது வெடித்து ஃபியூஸும் போய், உள்ளே எல்லாம் பிழைத்திருந்தால் அது தன் கடமையைச் செய்துவிட்டது. அதை வெட்டி எறிந்துவிட்டு அது இல்லாமலும் ஓடுகிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

நுண்செயலி உள்ள போர்டில் சிப் எரிந்தால்?

ரிலே, டிரயாக், ஆப்டோகப்ளர் வரைக்கும் உங்கள் ராஜ்ஜியம். நிரல் பதிந்த மெமரி சிப் போனால் கடையில் அதே எண்ணுள்ள சிப்பை வாங்குவது வெற்றுத்தாளை வாங்குவதுபோல. நல்ல போர்டு கையில் இருக்கும்போதே நிரலை நகல் எடுத்து வையுங்கள். அந்தச் சிப்பின் கண்ணாடிச் சாளரத்தின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பிய்க்காதீர்கள். புற ஊதா ஒளி பட்டால் நிரல் அழியும்.

சரிசெய்த போர்டை நேராக இயந்திரத்தில் மாட்டலாமா?

மாட்டாதீர்கள். மேசையில் சீரிஸ் பல்பு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மெயின் கம்பியில் வரிசையாக 100 வாட் குண்டு பல்பு. கரண்ட் கொடுத்ததும் ஒரு கணம் மின்னி மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே இன்னும் ஷார்ட் இருக்கிறது. ஆனால் புதுப் பாகங்கள் பிழைத்துவிட்டன, அந்த அடியைப் பல்பு வாங்கிக்கொண்டது.

பிறகு ஒவ்வொரு மோட்டார் வெளியீட்டிலும் மோட்டாருக்குப் பதிலாக 60 வாட் குண்டு பல்பு. எல்இடி பல்பு வேண்டாம். டிரயாக்கின் குறுக்கே இருக்கும் 0.1 மைக்ரோஃபாரட் வழியாக எப்போதும் சுமார் 7 மில்லிஆம்பியர் கசியும். எல்இடி அதிலேயே மினுக்கிக்கொண்டு உங்களைக் குழப்பும். கேம் சுவிட்சுகளுக்குப் பதிலாகச் சிறு சுவிட்சுகளை ஒரு பலகையில் திருகிவைத்துக் கையால் தட்டினால், ஒரு முழுச் சுழற்சியை மேசையிலேயே ஓட்டிப் பார்க்கலாம். பந்து வந்தது, ஸ்வீப் பல்பு எரிந்தது, அணைந்தது, டேபிள் பல்பு எரிந்தது. வரிசை தப்பினால் அங்கேயே தெரியும்.

இயந்திரத்தில் மாட்டிய பின் காவல் மூடிகளை எல்லாம் போட்டுவிட்டு, ஆளில்லாத லேனில் இருபது முப்பது சுற்று ஓட விடுங்கள். அணைத்துப் பூட்டிய பிறகே வெப்பத் தகட்டைப் பாருங்கள், அதுவும் விரலால் அல்ல, வெப்பமானியால்.

கையிருப்பில் என்ன வைத்திருக்க வேண்டும்?

முழுதாக ஓடும் ஒரு மாற்று சேசிஸ். அதுதான் சனிக்கிழமை மாலையைக் காப்பாற்றும். பழுதானதைத் திங்கட்கிழமை நிதானமாகப் பார்க்கலாம். ஆனால் மாற்று சேசிஸை மாட்டும் முன் சுமைப் பக்கத்தை அளந்துவிடுங்கள். இல்லையென்றால் அதுவும் அதே கோளாறுக்குப் பலியாகி, திங்கட்கிழமை உங்களிடம் இரண்டு செத்த சேசிஸ் இருக்கும். டிரயாக், ஆப்டோகப்ளர், ரிலே, டயோடு, ஃபியூஸ் எல்லாவற்றிலும் ஐந்தைந்து. மைக்ரோசுவிட்ச் பத்து.

எரிந்த பாகங்களையும் எறியாதீர்கள். ஒவ்வொன்றையும் சிறு கவரில் போட்டு லேன் எண்ணும் தேதியும் எழுதி ஒரு டப்பாவில் வையுங்கள். இப்படி வைத்திருந்த ஓர் அரங்கில் ஒரு நாள் டப்பாவை மேசையில் கவிழ்த்தோம். பதினொரு கவர்களில் ஏழு ஒரே ஜோடி லேன்களுடையவை. அந்த ஜோடியின் போர்டுகளை விட்டுவிட்டு மின்விநியோகப் பெட்டியைத் திறந்தோம். அவற்றுக்குப் போகும் நியூட்ரல் கம்பியின் லக் கையால் ஆட்டினாலே ஆடியது, அதைச் சுற்றி நீலம் பாரித்திருந்தது.